கப்பி விளக்கு

ஒரு விளக்கைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவது அரைமணி நேர வேலை என்று எலக்ட்ரீஷியன் போனில் சொல்லியிருந்தார். பாவம், அவர் அந்த வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை. குழாய்க்கு வாஷர் மாற்ற வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுப் போன வீடு அது. ஜன்னல் கொக்கி ஒன்றைச் சரிசெய்யப் போய்ச் சுவரையே பூச வேண்டி வந்த வீடு. அங்கே ஒன்றைத் தொட்டால் அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எழுந்து வருவார்கள்.

வீட்டுக்காரியை அந்தத் தெரு முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சின்ன வயதில் தங்கை தெருமுனையிலிருந்தே "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கும் அதுவே பழகிவிட்டது. அந்தத் தங்கைதான் இப்போது சாப்பாட்டு அறையில், புது விளக்கு இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எலக்ட்ரீஷியன் ஏணியை விரித்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இதை எங்கம்மா புடிச்சீங்க?"

"எங்கப்பா புடிச்சார்," என்றாள் அக்கா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பச்சை எனாமல் பூசிய இரும்புக் கூடை, உள்பக்கம் வெள்ளை. துணி சுற்றிய வயரில் தொங்கியது. அந்த வயர் மேலே போய் ஒரு கப்பியில் ஏறி, மறுபக்கம் ஒரு பீங்கான் குண்டில் முடிந்தது. குண்டுக்குள் மணல். விளக்கைக் கீழே இழுத்தால் குண்டு மேலே போகும்; விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். மேலே தள்ளினால் மேலே நிற்கும். வரைபடம் போடும் அலுவலகம் ஒன்று இடம் மாறியபோது வேண்டாத சாமான்களோடு தள்ளிவிட்டதை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்து, தானே மாட்டினார். மாட்டிய அன்றைக்கு அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இது விழுமா?" என்பதுதான். இத்தனை வருஷமாக விழவில்லை.

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி வயரை இரண்டு விரலால் லேசாகத் தொட்டார். துணி பொடிப்பொடியாக உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி பல்லை இளித்தது.

"இதுக்குக் கீழயா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"நல்லாக் கேளுங்க," என்றாள் தங்கை. "நான் சொன்னா யாரு கேக்கறா."

போன மாதம் தங்கை வந்திருந்தபோது அந்த அறையில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. அக்கா அடுப்பு என்றாள். தங்கை அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அணைந்துதான் இருந்தது. அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: ஒன்று, இந்த விளக்கு மாற வேண்டும். இல்லையென்றால் அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிட வேண்டும்.

இந்த வந்துவிடு புராணம் ஒரு வருஷமாக நடக்கிறது. தங்கை, கணவர் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிறாள். அடுக்குமாடியில் நாலாவது தளம். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், அக்காவும் அதை மறுக்கவில்லை. "உக்காருங்க பெரியம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். போன தடவை அங்கே போனபோது, குடித்த டம்ளரைக்கூடக் கழுவ விடவில்லை. கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, டிவியைப் போட்டு, ரிமோட்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் இருந்துவிட்டு வந்தவளுக்கு, தன் வீட்டுச் சமையலறையில் ஒரு பாத்திரம் கை தவறி விழுந்த சத்தம்கூடக் காதுக்கு இனிமையாக இருந்தது.

தங்கையிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முழுக்கப் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருட்டிவிடாது. நடுவில் மட்டும்தான். எதை நேராகப் பார்க்கிறாளோ அது அழிந்துபோகும்; அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். எழுத்தைப் பார்த்தால் அந்த எழுத்து இருக்காது, பக்கத்து எழுத்து இருக்கும். ஆளைப் பார்த்தால் காது, தோள், சட்டைக் காலர் எல்லாம் இருக்கும், முகம் இருக்காது. வெளிச்சம் கிட்டத்தில் இருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். அதற்குத்தான் கப்பி விளக்கு. அதை நெற்றியில் முட்டும் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அவள் இரண்டு வருஷமாகத் தினசரியைப் படித்துவந்தாள். யாராவது கதவைத் தட்டினால் முதல் வேலை, விளக்கை மேலே தள்ளுவது.

மேஜை விளக்கு ஒன்று வாங்கலாம்தான். வாங்கினால் எதுக்கு என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் வரும். பதில் வந்தால் நாலாவது தளம்.

"பெட்டியைத் திறக்கலாமா?" என்றார் எலக்ட்ரீஷியன். "மத்தியானத்துக்கு மேல இன்னொரு வீடு இருக்கு."

பெட்டியைத் திறந்தார்கள். அழகான விளக்குதான். பித்தளை நிறத்தில் மணி போன்ற வடிவம். அதோடு நாலாக மடித்த ஒரு தாள். எலக்ட்ரீஷியன் தாளைத் தங்கையிடம் நீட்டினார். "எவ்வளவு வாட்ஸ் பல்பு வரைக்கும் போடலாம்னு பாருங்கம்மா, நான் இந்த ஸ்க்ரூவைக் கழட்டறேன்."

தங்கை அதை வாங்கி, பிரித்து, புரட்டி, அக்காவிடம் நீட்டினாள். "நீ படி. கண்ணாடி கைப்பையில இருக்கு, யாரு எழுந்து போறது."

அக்காவுக்கு மறுக்க வழியில்லை. அவள் வேலை பார்த்ததே அச்சகத்தில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதங்கள் அங்கேதான் அச்சாகும். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் அந்த எழுத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. ஒரு புள்ளி தவறினால் ஒரு மாத்திரை பத்தாகிவிடும் என்று மேலாளர் பயமுறுத்துவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓய்வு பெறுகிறவரை அதைச் செய்தாள். அப்படிப்பட்டவள் ஒரு விளக்குக் காகிதத்தைப் படிக்க மாட்டேன் என்றால் எறும்புகூடச் சிரிக்கும்.

"அவன் அவன் வேலையை ஒழுங்காப் பண்ணியிருந்தா இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்ல," என்று எதையோ சொல்லி, தாளைத் தங்கையிடமே தள்ளினாள். "நீ டீச்சர்தானே, வாய்விட்டுப் படி."

"நான் கரும்பலகையில எழுதினவ. இது உன் சரக்கு."

"ஓய்வு பெற்ற பிறகு சரக்கைத் தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

தாள் மேஜையின் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, தாளைப் பிடுங்காத குறையாக வாங்கித் தானே படித்துக்கொண்டார். படித்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏறி இறங்கற மாடல்னுதானேம்மா போன்ல சொன்னீங்க? இது ஏறி இறங்காது. ஒரே நீளம்தான். பெட்டி மேலயே போட்டிருக்கானே."

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றாள் தங்கை சட்டென்று. "அதேதான்னு சொன்னான். நான் எத்தனை தடவை கேட்டேன்."

அக்கா மனதுக்குள் பேசிக்கொண்டாள். கடைக்காரன் ஏமாற்றினானோ, இவளே வேண்டுமென்று வாங்கிவந்தாளோ. பழைய விளக்கைப் பிடுங்கிவிட்டால் அக்காவும் பின்னாலேயே வந்துவிடுவாள் என்ற கணக்கோ என்னவோ. முன்னெல்லாம் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை. இந்த ஒரு வருஷமாகத்தான் ஒரு மாதிரி. முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. பேசும்போது தலை கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியே இருக்கும், ஜன்னலோடு பேசுகிறவள் மாதிரி. தான் வரமாட்டேன் என்று சொன்ன கோபம் என்று அக்கா அதற்கு அர்த்தம் வைத்திருந்தாள்.

"பழசுலயே வயரை மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கப்பி விண்டு போயிருக்கும்மா. இப்ப வர்ற வயர் அந்தப் பள்ளத்துல ஓடாது. அந்தக் குண்டு உங்க தலையில விழுந்தா, அப்புறம் விளக்கு எதுக்கு?"

மெயினை அணைத்தார்கள். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக மேஜையின் ஒரு ஓரம்வரை வந்து அங்கேயே நின்றது. எலக்ட்ரீஷியன் வயரை நறுக்கென்று வெட்டி, விளக்கைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி இறக்கி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவுதானா இது?" என்றாள் தங்கை. "எவ்ளோ பெருசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் அதன்மேல் போயிற்று. விளிம்பில் ஒரு நெளிசல் இருந்தது. தங்கை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது என் தலை."

"உன் தலைதான். விளக்கு நெளிஞ்சுது, தலைக்கு ஒண்ணும் ஆகல. அப்பா முதல்ல விளக்கைத்தான் தடவிப் பார்த்தார்."

"பொய். என்னைத்தான் தூக்கினார்."

"விளக்கைத் தடவிட்டு அப்புறம் தூக்கினார்."

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது என்று அக்காவுக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில் அந்தத் தெருவுக்கு வந்த மின்சாரம் பேருக்குத்தான் மின்சாரம். அந்தி சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் போடுவார்கள். உடனே எல்லா வீட்டிலும் மங்கிவிடும். ஒரு வீட்டில் இரண்டு பல்பு போட்டால் இரண்டும் பூனைக்கண் மாதிரி மினுங்கும். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டார். பொழுது சாய்ந்தால் வீட்டில் ஒரே விளக்கு. எல்லோரும் அதன் கீழே. அம்மா கிழிசல் தைப்பதும் அங்கேதான், அப்பா ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்க்க முடியாமல் முழிப்பதும் அங்கேதான், பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். அந்த வட்டத்துக்கு வெளியே வீடு முழுக்க இருட்டு. தண்ணீர் குடிக்கப் போவதென்றால்கூட இரண்டு பேராகக் கைகோத்துத்தான் போவார்கள்.

விளக்கை எவ்வளவு இறக்குவது என்பதில்தான் தினமும் சண்டை. தைக்கிறவளுக்குக் கீழே வேண்டும், ரேடியோவுக்கு மேலே வேண்டும். அப்பா அதற்கும் ஒரு சட்டம் போட்டார். யார் கையில் இருக்கிற வேலை ரொம்பப் பொடியோ, அவருக்கே விளக்கு. ஊசி கோக்கிற நிமிஷம் அம்மாவுக்கு. மற்ற நேரம் யார் எழுத்து சின்னதோ அவர்களுக்கு.

சட்டம் போட்டவர் அதன் விளைவை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் எழுத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். இவள் கடுகளவு எழுதினால் அவள் கசகசா அளவு எழுதுவாள். ஒரு பக்கக் கட்டுரையை இரண்டு விரல் அகலத்தில் முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் அடி. "இதைப் படிக்க நான் பூதக்கண்ணாடி வாங்கணுமா?" என்று வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டத்தை மாற்றவில்லை. "கொஞ்சம் பெருசா எழுதுங்க, ஆனா சின்னதா எழுதறவங்களுக்குத்தான் விளக்கு," என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடைசியில் அக்காதான் ஜெயித்தாள். ஜெயித்த எழுத்து அவளை அச்சகத்தில் கொண்டுபோய் விட்டது. தோற்றவள் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆளுயரக் கரும்பலகையில் ஆயுசு முழுக்கப் பெரிசு பெரிசாக எழுதி வஞ்சம் தீர்த்துக்கொண்டாள்.

சண்டை முற்றினால் அம்மாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்து வந்து, விளக்கை இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைவரைக்கும் இறக்கிவிடுவாள். எதிரே இருக்கிறவள் முகம் மறைந்துவிடும். வெறும் பச்சைக் கூடையைப் பார்த்து எவ்வளவு நேரம் திட்ட முடியும்? கொஞ்ச நேரத்தில் கூடைக்குக் கீழே ஒரு கை நீளும், ஒரு பென்சிலோ பிஸ்கட்டோ இந்தப் பக்கம் வரும்.

அந்த நாட்களை நினைத்தால் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அப்படி ஒரு நெருக்கம் அதற்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. பின்னால் நல்ல மின்சாரம் வந்தது. அறைக்கு அறை குழல் விளக்கு வந்தது. ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து படித்தார்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பேசத்தான் ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அப்பா மட்டும் கப்பி விளக்கை விடவில்லை. தங்கை கல்யாணமாகிப் போனபிறகும், அக்கா வேலைக்குப் போய்த் திரும்பும்போது அவர் அதன் கீழேதான் இருப்பார். வருஷத்துக்கு வருஷம் விளக்கு கீழே வந்தது. கடைசியில் தினசரியை உரசுகிற அளவுக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் முதல் அம்மா அவருக்குப் பேப்பரைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ஏனென்று கேட்டால், "சும்மா இருந்தா நாக்குத் துருப்பிடிச்சுடும்" என்பாள். அக்காவும் அதை நம்பினாள். டாக்டர் அவளிடம் "உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா முகத்துக்கு நேரே பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசியது, காய்கறிக்காரனைக் குரலை வைத்து அடையாளம் கண்டது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியவில்லையே என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"அம்மா," என்றார் மேலே இருந்து எலக்ட்ரீஷியன். புது விளக்கின் வயரைக் கையில் பிடித்திருந்தார், இன்னொரு கையில் கட்டிங் பிளேயர். "எவ்வளவு தொங்கணும்னு சொல்லுங்க. ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான், அப்புறம் நீட்ட முடியாது. எல்லா வீட்டுலயும் இந்த உயரத்துலதான் போடுவோம்." விளக்கைத் தன் மார்புக்கு நேரே பிடித்துக் காட்டினார். "பார்க்கவும் நல்லாருக்கும். வெட்டிடவா?"

அந்த உயரத்தில் அது ஒரு அலங்காரம். அதன் கீழே சாப்பிடலாம், விருந்தாளியோடு பேசலாம். படிக்க முடியாது. இப்போது தலையை ஆட்டினால், நாளைக் காலைத் தினசரி வெறும் காகிதம்.

இதற்குள் அவள் எதையெதையோ இழந்திருக்கிறாள். அப்பாவை, அம்மாவை, ஒரு வேலையை. படிப்பு ஒன்றுதான் பாக்கி. அதையும் வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தர் கத்தரியில் கொடுத்துவிட வேண்டுமா? கொடுக்காவிட்டால் பக்கத்தில் தங்கை இருக்கிறாள். மூன்றடி தூரத்தில்.

"வெட்டிடவா?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் அக்கா.

இறக்கினார். "போதுமா?"

"இன்னும்."

"மேஜைக்கு ரொம்பக் கிட்ட வந்துடும்மா."

"இன்னும் கொஞ்சம்."

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் வந்த தினசரியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். தினமும் செய்கிறபடியே குனிந்து, தலையை இடப்பக்கம் சாய்த்தாள். விளக்கு அவள் காதோரத்துக்கு வந்து நெற்றியைத் தொட்டது.

"இங்க," என்றாள்.

"இது விளக்கா, முடி உலர்த்தற மெஷினா?" என்று எலக்ட்ரீஷியன் சிரித்தார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா தினசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இனி வருவது வரட்டும் என்று இருந்தாள். தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், மகனுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தாள். தங்கை நாற்காலியை இழுத்துக் கிட்டத்தில் போட்டுக்கொண்டு உட்கார்கிற சத்தம்தான் கேட்டது.

"எத்தனை நாளா அக்கா?"

"ரெண்டு வருஷமா."

"நடுவுலயா?"

"நடுவுலதான். ஓரம் தெரியுது. சமைக்கறேன், கடைக்குப் போறேன், விழல, எரிக்கல. வயர்தான் தீய்ஞ்சுது, நான் ஒண்ணும் பண்ணல." குரல் தானாக உயர்ந்தது. "என்னைக் கூட்டிட்டுப் போய் உக்கார வைக்காதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இங்க எந்தப் பொருள் எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும். அங்க வந்தா நான் நிஜமாவே குருடாயிடுவேன்."

தங்கை மேஜைமேல் துழாவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். துழாவிப் பிடித்தாள் என்பது அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை.

"நான் அந்தத் தாளைப் படிக்கலக்கா," என்றாள்.

"எந்தத் தாளை?"

"விளக்குத் தாளை. கடையில பெட்டியையும் படிக்கல. கடைக்காரன் பாவம், அவன் ஒரு தப்பும் பண்ணல. அவன் காட்டினான், நான் பாத்த மாதிரி தலையை ஆட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்." பிடித்த கையை இறுக்கினாள். "எனக்கு உன் முகம் தெரியலக்கா. ஒரு வருஷமாச்சு. காது தெரியுது. தோடு தெரியுது. நீ சிரிக்கறியா மொறைக்கறியான்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கறேன்."

அக்கா நிமிர்ந்தாள். விளக்கில் தலை இடித்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள்; வழக்கம்போல அது இல்லை. தலையைச் சாய்த்து ஓரத்தில் பிடித்தாள். தங்கையும் தலையைச் சாய்த்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

"புள்ளைகிட்ட சொன்னியா?"

"சொன்னா அடுப்புப் பக்கம் விடுவானா? காலையில எல்லாரும் போயிடுவாங்க. நாலாவது மாடியில நான் ஒருத்தி. காலிங்பெல் அடிச்சா யாருன்னு பாக்க அந்த ஓட்டையில கண்ணை வச்சா ஒண்ணும் தெரியாது. திறக்காமயே நிப்பேன். அவங்களும் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிடுவாங்க. வா வான்னு உன்னை அதுக்குத்தான்க்கா கூப்பிட்டேன். உன்னைப் பாத்துக்கறதுக்குன்னு நீ நினைச்சுட்டே. எனக்குப் பயமா இருந்துச்சு. அதைச் சொல்லத் தெரியல."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை இவள் போனில் கூப்பிட்டாள். எத்தனை தடவை, என்னை விட்டுடு என்று எரிந்து விழுந்தாயிற்று. அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"ரெண்டு குருடுங்க சேர்ந்து ஒரு காகிதத்தை மாத்தி மாத்தித் தள்ளிக்கிட்டு இருந்திருக்கோம்," என்றாள். "அந்த மனுஷன் என்ன நினைச்சிருப்பார்!"

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா," என்றார் மேலே இருந்த மனுஷர். கைவலியில் அவர் குரல் ஒரு மாதிரி வந்தது. "ஆனா இதைப் புடிச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் நிக்கறதுன்னுதான் தெரியல. இங்க வெட்டிடவா? கொக்கி உங்க நாற்காலிக்கு மேலதான் இருக்கு, மத்தவங்களுக்கு இடிக்காது."

கொக்கி அவள் நாற்காலிக்கு மேலே இருந்தது நிஜம்தான். தனி ஆளானபிறகு அக்கா மேஜையைச் சுவரோரமாகத் தள்ளி, விளக்கு தனக்கு நேரே வரும்படி போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்க நாற்காலியில் துணிதான் மடித்துக் கிடக்கும்.

அக்கா எழுந்தாள். மேஜையின் ஒரு முனையைப் பிடித்து, சுவரைவிட்டு வெளியே இழுத்தாள். தரையில் அது கிறீச்சிட்டு, பாதியிலேயே நின்றது; பழைய இடத்தில் இப்போது பீரோ இருந்தது.

"இருங்க, வெட்டாதீங்க," என்றாள். "இந்தக் கொக்கி வேணாம். வேற ஓட்டை போட்டு, ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல வர்ற மாதிரி மாட்டுங்க."

"புது ஓட்டைன்னா மேல டிரில் பண்ணணும்மா. பழைய கூரை, என்ன உதிருமோ தெரியாது. அரைநாள் ஆயிடும்."

"ஆகட்டும்."

"எதுக்குக்கா நடுவுல?" என்றாள் தங்கை.

"பின்னே? வெளிச்சம் எம்மேல மட்டும் விழுந்தா, நீ எங்க உக்காந்து படிப்பே?"